ஸ்கட்டர் பாலம் யாருடைய பெயரில்? வேலூர் ஸ்கட்டர் குடும்பத்தின் அமெரிக்கக் கொடிவழி

8 ஜனவரி 2023 (வாசகர் கேள்வி)

நான் நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் வசிக்கிறேன். வேலைக்காகத் தினமும் டெலவேர் ஆற்றைக் கடந்து பென்சில்வேனியாவுக்குப் போகிறேன். கடக்கும் பாலத்தின் பெயர் ஸ்கட்டர் ஃபால்ஸ் பாலம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கட்டரின் முன்னோர்கள் பெயரால்தான் அந்தப் பாலம் வழங்குகிறது என்று எங்கள் பொங்கல் விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் ஒருவர் உறுதியாகச் சொன்னார். விழா மலரிலும் அதை அச்சிடப் போகிறார்களாம். உண்மைதானா?

8 ஜனவரி, இரவு (என் பதில்)

மலரை இரண்டு வாரம் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். ஒரே குடும்பப் பெயர் என்பது தேடத் தொடங்குவதற்கு ஒரு காரணம், அவ்வளவே. அது உறவுக்குச் சான்று ஆகாது. பாலத்திலிருந்து வேலூருக்கு இறங்கி வரக் கூடாது. வேலூரிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏற வேண்டும். இன்னாருக்குத் தந்தை இன்னார் என்பதற்கு ஒவ்வொரு படியிலும் தனித்தனியாக ஒரு பத்திரமோ உயிலோ கடிதமோ வேண்டும். ஒரு படி உடைந்தால் அதற்கு மேலே உள்ள அத்தனையும் வேறொருவர் குடும்பக் கதையாகிவிடும்.

எனக்கு இந்தக் குடும்பத்தின் மேல் நெடுநாள் ஈடுபாடு உண்டு. என் தாயார் பிறந்தது இராணிப்பேட்டை ஸ்கட்டர் நினைவு மருத்துவமனையில். நியூ ஜெர்சிக்கு வந்த பிறகுதான் அந்தப் பெயரை இங்கே சாலைப் பலகைகளிலும் பார்த்தேன், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில். எழுத எழுத இங்கே சேர்க்கிறேன்.

10 ஜனவரி

முதலில் ஐயமற்ற பகுதி. ஐடா சோஃபியா ஸ்கட்டர் 1870 டிசம்பர் 9 அன்று பிறந்து, 1960 மே மாதம் கொடைக்கானலில் மறைந்தார். 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூர் திரும்பி, ஒற்றைப் படுக்கையுடன் வைத்தியம் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். அவருடைய தந்தை இரண்டாம் ஜான் ஸ்கட்டர் (1835–1900), தாயார் சோஃபியா வெல்டு.

அந்த ஜானின் தந்தையும் ஜான்தான். பெரிய டாக்டர் என்று நாம் அடையாளம் வைத்துக்கொள்ளலாம். 1793 செப்டம்பர் 3 அன்று நியூ ஜெர்சியின் ஃப்ரீஹோல்டில் பிறந்தவர். 1811இல் பிரின்ஸ்டனிலும் 1813இல் நியூயார்க் மருத்துவக் கல்லூரியிலும் படிப்பை முடித்து, நியூயார்க்கில் நல்ல வருமானத்தோடு தொழில் நடத்திக்கொண்டிருந்தார். மனைவி ஹேரியட் வாட்டர்பரி. 1819இல் இருவரும் கப்பலேறி, கல்கத்தா வழியாக யாழ்ப்பாணம் சேர்ந்து பண்டத்தரிப்பில் குடியமர்ந்தார்கள். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு சென்ற முதல் மருத்துவ மிஷனரி என்று இவரைச் சொல்வது வழக்கம். 1836இல் சென்னைக்கு மாறினார், 1855 ஜனவரியில் நன்னம்பிக்கை முனைக்கு அருகே வின்பெர்க்கில் இறந்தார். மூத்த மகன் ஹென்றி மார்ட்டின் 1822இல் பண்டத்தரிப்பிலேயே பிறந்தவர். அவரும் தம்பிகள் வில்லியமும் ஜோசப்பும் சேர்ந்து 1853இல் ஆர்க்காட்டு மிஷனை அமைத்தார்கள். இன்னொரு தம்பி சைலஸ் 1866இல் இராணிப்பேட்டையில் மருத்துவமனை தொடங்கினார்.

இத்தலைமுறைகளுக்கு மிஷன் கடிதங்களே முதற்சான்று. நம் நாட்டில் பிறந்த ஆங்கிலேயக் குழந்தைகளைத் தேடுகிறவர்கள் கம்பெனியின் தேவாலயப் பதிவேடுகளுக்குப் போவார்கள். அமெரிக்க மிஷனரிகளின் குழந்தைகளுக்கு அந்த வழி அவ்வளவு பயன்படாது. மிஷனரிகளை அனுப்பிய அமைப்பான அமெரிக்கன் போர்டின் ஆவணங்கள் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. ஆர்க்காட்டு மிஷன் சார்ந்திருந்த சீர்திருத்தத் திருச்சபையின் ஆவணங்கள் நியூ பிரன்சுவிக்கில் இருக்கின்றன, பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து வெகுதூரம் இல்லை.

14 ஜனவரி

பெரிய டாக்டரின் தந்தை ஜோசப் ஸ்கட்டர், ஃப்ரீஹோல்டில் வழக்கறிஞர். ஜோசப்பின் தந்தைதான் இந்தக் கொடிவழியில் அமெரிக்கர்கள் ஓரளவு அறிந்த பெயர்: நத்தானியேல் ஸ்கட்டர் (1733–1781). இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் வேலூரில் இவர் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நத்தானியேலும் மருத்துவர். 1751இல் நியூ ஜெர்சிக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னாளில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமான அந்தக் கல்லூரி அப்போது நியூவர்க்கில் நடந்துகொண்டிருந்தது. ஐடாவின் எள்ளுப்பாட்டன் காலத்திலேயே இக்குடும்பத்தில் வைத்தியம் இருந்தது என்பது எனக்கு மிகுந்த மன நிறைவைத் தந்த செய்தி. அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் இவர், ஃப்ரீஹோல்டு அடங்கிய மான்மத் வட்டாரப் படைப்பிரிவின் அதிகாரியாகவும், 1778இலும் 1779இலும் குடியேற்றங்களின் பொதுப் பேரவையான கான்டினென்டல் காங்கிரஸின் உறுப்பினராகவும் இருந்தார். பதின்மூன்று குடியேற்றங்களையும் ஒன்றாகக் கட்டிய கூட்டமைப்பு விதிகளில் நியூ ஜெர்சி சார்பாகக் கையெழுத்திட்ட இருவரில் ஒருவர் இவர், மற்றவர் ஜான் விதர்ஸ்பூன். நியூ ஜெர்சி கையெழுத்திடத் தயங்கிய 1778ஆம் ஆண்டில், தம் மாநிலச் சட்டமன்றத் தலைவருக்கு நீண்ட கடிதம் எழுதி, இணைய வேண்டும் என்று வற்புறுத்தியவரும் இவரே.

1781 அக்டோபர் நடுவில், பிரிட்டிஷ் ஆதரவுக் கொள்ளைப் படை ஒன்று கடற்கரையோரம் இறங்கியபோது, ஷ்ரூஸ்பரிக்கு அருகே பிளாக் பாயின்ட்டில் நடந்த மோதலில் சுடப்பட்டு இறந்தார். அதே வாரத்தில், அக்டோபர் 19 அன்று, யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தார். காங்கிரஸில் இருந்தவர்களுள் அந்தப் போரின் களத்தில் உயிரிழந்தவர் இவர் ஒருவரே என்று வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. அந்தக் கார்ன்வாலிஸ்தான் பத்தாண்டுக்குப் பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் இரு மகன்களைப் பிணையாகப் பெற்றவர்.

ஓல்டு டென்னன்ட் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் நத்தானியேல் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். மேட்டின் மேல் வெள்ளை மரத் தேவாலயம், சுற்றிலும் சாய்ந்த பழைய கற்கள். 1778 ஜூன் மாத மான்மத் போரில் காயம்பட்டவர்களைக் கிடத்திச் சிகிச்சை செய்த இடம் இது. நான் போன அன்று புல்லின் ஈரம் செருப்பைத் தாண்டி ஏறியது. கல் கிடைக்கும் வரை வரிசை வரிசையாக நடந்து தேடினேன். கல்லறைக்குப் போக வாய்ப்புள்ளவர்கள் போக வேண்டும். பக்கத்துக் கற்களில் யார் இருக்கிறார்கள் என்பதை எந்தத் தட்டச்சுப் பிரதியும் அதே மாதிரி காட்டாது, குடும்பங்கள் அருகருகேதான் புதைக்கப்பட்டன.

15 ஜனவரி

“மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தால் முடிந்துவிடுமே, எதற்கு இத்தனை சுற்று?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியூ ஜெர்சியின் துயரமே அதுதான். அமெரிக்காவின் முதல் கணக்கெடுப்பு 1790இல் நடந்தது. நியூ ஜெர்சிக்கு 1790, 1800, 1810, 1820 ஆகிய நான்கின் ஏடுகளும் தொலைந்துவிட்டன, 1800இன் கம்பர்லாந்து வட்டம் மட்டும் தப்பியது. 1830இலிருந்துதான் முழுமையாகக் கிடைக்கிறது. கிடைப்பதிலும், 1850க்கு முன்னால் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். மனைவி, மக்கள் எல்லாரும் வயதுவாரியான கட்டங்களில் வெறும் எண்ணிக்கையாகத்தான் நிற்பார்கள். 1890 கணக்கெடுப்பைப் பெரும்பாலும் 1921 தீவிபத்துக் கொண்டுபோய்விட்டது.

ஆகவே, பெரிய டாக்டர் சிறுவனாக ஃப்ரீஹோல்டில் வளர்ந்த ஆண்டுகளுக்கு நமக்கு இருப்பவை வரிப்பட்டியல்கள், நிலப்பத்திரங்கள், உயில்கள், தேவாலய ஏடுகள் ஆகியவையே. டிரென்டனில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் வரிப்பட்டியல்களின் நுண்படச் சுருள்களைப் பார்க்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் நேராக எத்தனை ஏக்கர், எத்தனை குதிரை, எத்தனை மாடு, ஆலை உண்டா என்று பத்திகள் ஓடும். இவற்றுக்கு நடுவே அடிமைகளின் எண்ணிக்கைக்கு ஒரு பத்தி இருக்கிறது. குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் இடையில் அந்த எண்ணைக் கண்டபோது என்னால் உடனே அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. நியூ ஜெர்சி 1804இல்தான் படிப்படியான விடுதலைச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி அடிமைத் தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளை வட்ட எழுத்தரிடம் பதிய வேண்டும். மான்மத் வட்டத்தின் அந்தப் பதிவேடு இன்றும் இருக்கிறது. இங்குள்ள குடியேற்றக் காலக் குடும்பம் எதையும் தேடுகிறவர்கள், அந்த வீடுகளில் பெயரில்லாமல் உழைத்தவர்களுடைய சந்ததியினரும் இதே ஏடுகளைத்தான் தேடுகிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பெயர் கண்ணில் பட்டால் குறித்துவையுங்கள், அவர்களில் யாருக்காவது உதவும்.

21 ஜனவரி

இன்றைய குறிப்பு கேள்வி கேட்டவருக்கு மகிழ்ச்சி தரும்.

நத்தானியேலின் தந்தை ஜேக்கப் ஸ்கட்டர், 1707இல் பிறந்து 1772இல் இறந்தவர். லாங் ஐலண்டின் ஹன்டிங்டனைச் சேர்ந்தவர். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கிருந்து நியூ ஜெர்சிக்கு வந்து, பிரின்ஸ்டனுக்குக் கிழக்கே மில்ஸ்டோன் ஆற்றங்கரையில் மாவு ஆலை வாங்கினார். அவருக்குப் பின் நத்தானியேலின் தம்பி வில்லியம் அதை நடத்தினார். அந்த இடம் ஸ்கட்டரின் ஆலைகள் என்றே வழங்கிற்று. பின்னாளில் அதே இடத்தில் டெலவேர்–ராரிட்டன் கால்வாயை ஆற்றின் மேலாகத் தூக்கிக் கொண்டுபோகும் நீர்ப்பாலம் கட்டப்பட்டதால் ஊருக்கு வேறு பெயர் வந்தது. சாலைக்கு மட்டும் பழைய பெயரே நிலைத்தது. பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கும் உங்களுக்கு ஸ்கட்டர்ஸ் மில் சாலையை நான் காட்ட வேண்டியதில்லை. கறிகாய் வாங்கவும் குழந்தைகளைப் பள்ளியில் விடவும் நம் ஆட்கள் போய்வரும் சாலைதான். வேலூர் ஸ்கட்டர்களின் முன்னோர் பெயர் நிற்பது அங்கே, பாலத்தில் அன்று.

பாலத்துக்குப் பிறகு வருகிறேன்.

22 ஜனவரி

நத்தானியேல் பிறந்த ஊர் குறித்து ஒருவர் கேட்டது சரியான கேள்வி. சில வாழ்க்கைக் குறிப்புகள் நியூ ஜெர்சியின் மான்மத் கோர்ட் ஹவுஸ், அதாவது இன்றைய ஃப்ரீஹோல்டு, என்கின்றன. வேறு சில லாங் ஐலண்டின் ஹன்டிங்டன் என்கின்றன. நான் ஹன்டிங்டன் பக்கம்தான் சாய்கிறேன். நத்தானியேல் பிறந்தது 1733. தந்தை மில்ஸ்டோன் கரைக்கு வந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. வளர்ந்த பிறகு மகன் மருத்துவத் தொழில் நடத்திய ஊரைப் பிற்காலத்தவர்கள் பிறந்த ஊராகவும் எழுதிவிட்டார்கள் என்று கருதுவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. பெரிய மனிதர்களின் வாழ்க்கைக் குறிப்புகளில் இது அடிக்கடி நேர்கிறது, அச்சில் இருக்கிறது என்பதற்காக ஏற்க வேண்டியதில்லை.

29 ஜனவரி

ஹன்டிங்டனுக்கு ஏறுவோம். ஜேக்கப்பின் தந்தை பெஞ்சமின். பெஞ்சமினின் தந்தை தாமஸ், 1690 வாக்கில் ஹன்டிங்டனில் இறந்தவர். அந்தத் தாமஸின் தந்தையும் தாமஸ், சேலம் ஊரில் குடியேறிய மூதாதை. நம்முடைய சேலம் அன்று, மாசசூசெட்ஸின் சேலம்.

இந்தக் கட்டத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள். குடும்பம் ஒரே ஊரில் இருந்தாலும் ஊர் இருந்த ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. மூத்த தாமஸின் மகன்கள் ஜான், தாமஸ், ஹென்றி மூவரும் 1650களின் தொடக்கத்தில் சேலத்தை விட்டு லாங் ஐலண்டின் சவுத்தோல்டுக்குப் போனார்கள். சவுத்தோல்டு அன்று நியூ ஹேவன் குடியேற்றத்துக்கு உட்பட்டது. பிறகு போன ஹன்டிங்டன் 1660இல் கனெக்டிகட்டோடு சேர முடிவு செய்தது. 1664இல் ஆங்கிலேயர்கள் டச்சுக்காரர்களிடமிருந்து நியூ ஆம்ஸ்டர்டாமைப் பிடித்த பின் லாங் ஐலண்டு முழுவதும் நியூயார்க்குக்குப் போயிற்று. ஜான் மேலும் மேற்கே நியூடவுனுக்கு நகர்ந்தார். அது 1664 வரை டச்சு ஆட்சிப் பகுதி. ஆக, உடன்பிறந்த மூவரின் பத்திரங்களைத் தேட நான்கு அரசுகளின் காகிதங்களைப் புரட்ட வேண்டும். ஹன்டிங்டன் தன் நகரப் பதிவேடுகளை 1880களின் இறுதியில் மூன்று தொகுதிகளாக அச்சிட்டுவிட்டது பெரும் உதவி. வேலிச் சண்டை, பன்றி வந்து பயிரை மேய்ந்த வழக்கு, புல்வெளிப் பங்கீடு என்று போகும் அந்தத் தொகுதிகளில், நிலத்தின் எல்லையைச் சொல்லும் ஒரு வரியில் “இன்னாரின் மகன் இன்னார்” என்று வந்துவிடும். உயில் கிடைக்காத தலைமுறைக்கு அந்த ஒரு வரி போதும்.

30 ஜனவரி

சேலத்து மூத்த தாமஸின் உயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள ஹார்ட்டன் கிர்பி வட்டாரத்திலிருந்து 1630களில் வந்தவர். உயில் 1657 செப்டம்பரில் எழுதப்பட்டது, 1658 ஜூனில் நீதிமன்றத்தில் ஏற்கப்பட்டது. உடைமையை மனைவி எலிசபெத்துக்கு வைத்து, ஜான், தாமஸ், ஹென்றி என்ற மகன்களையும், பார்த்தலோமியூ குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் எலிசபெத்தையும், இறந்துபோன மகன் வில்லியமின் பிள்ளையான பேரன் தாமஸையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். ஒரே தாளில் மூன்று தலைமுறை நிற்கிறது. இங்கிருந்து கீழே இறங்குகிறவர்களுக்கு இதைவிட உறுதியான அடித்தளம் இல்லை.

தேதிகளைப் படிக்கும்போது கவனம் வேண்டும். அக்காலத்து மாசசூசெட்ஸ் எழுத்தர்கள் மாதங்களைப் பெயரால் எழுதாமல் எண்ணால் எழுதினார்கள், மார்ச் அவர்களுக்கு முதல் மாதம். ஆகவே ஏழாம் மாதம் என்றால் செப்டம்பர், நான்காம் மாதம் என்றால் ஜூன். இணையத்துக் குடும்ப மரங்களில் ஏழாம் மாதத்தை ஜூலையாகவும் நான்காம் மாதத்தை ஏப்ரலாகவும் மாற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். ஆண்டுப் பிறப்பும் மார்ச் 25 அன்றுதான், 1752 வரை அப்படியே நீடித்தது. அதனால் ஜனவரி, பிப்ரவரித் தேதிகளுக்கு 1657/8 என்று இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து எழுதுவார்கள். அந்தச் சாய்கோட்டை விட்டுவிட்டால், தந்தை இறந்து ஓராண்டு ஆன பிறகு உயில் எழுதினார் என்பது போன்ற விநோதங்கள் வரும்.

5 பிப்ரவரி

இப்போது பாலம். மூத்த தாமஸின் மகன்களில் நியூடவுனுக்குப் போன ஜானுக்கு ஜான் என்றே ஒரு மகன். அந்த இளைய ஜான், நியூடவுனின் ரிச்சர்டு பெட்ஸ் என்பவரின் மகள் ஜொவானாவை மணந்தார். பேரனுக்குத் தாய்வழிப் பாட்டனின் முழுப்பெயரையும் சேர்த்து ரிச்சர்டு பெட்ஸ் ஸ்கட்டர் என்று பெயரிட்டார்கள். இவர்தான் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டிரென்டனுக்கு வடக்கே டெலவேர் ஆற்றங்கரையில், இன்றைய யூவிங் பகுதியில், நிலம் வாங்கிக் குடியேறியவர். ஆறு பாறைகள் மேல் விழுந்து ஓடும் அந்த இடத்துக்கு அவர் குடும்பத்தின் பெயர் வந்தது. 1961இல் அங்கே நெடுஞ்சாலைப் பாலம் கட்டியபோது பாலத்துக்கும் வந்தது. நீங்கள் இப்போது சுங்கம் கட்டிக் கடப்பது அதற்குப் பதிலாகக் கட்டி 2019இல் திறக்கத் தொடங்கிய புதுப்பாலம்.

முறை வைத்துப் பாருங்கள். சேலத்துத் தாமஸ், அவர் மகன் ஜான், அவர் மகன் ஜான், அவர் மகன் ரிச்சர்டு பெட்ஸ். மறுபக்கம், சேலத்துத் தாமஸ், அவர் மகன் தாமஸ், அவர் மகன் பெஞ்சமின், அவர் மகன் ஜேக்கப். பாலத்து ரிச்சர்டும் ஆலை ஜேக்கப்பும் ஒரே தலைமுறை. நம் கணக்கில் பங்காளிகள், அண்ணன் தம்பி முறை. பிறப்பில் முப்பத்தாறு ஆண்டு இடைவெளி, வீடுகளுக்கு இடையே இன்றைய காரில் அரைமணி நேரம். ஆகவே உங்கள் கூட்டத்தில் பேசியவர் சொன்னதில் குடும்பம் சரி, கிளை தவறு. ஐடா ஸ்கட்டர், ரிச்சர்டின் வழியில் வந்தவர் அல்லர்.

6 பிப்ரவரி

“அண்ணன் தம்பி முறைதானே, முன்னோர் என்று போட்டால் என்ன?” என்று கேட்டவருக்கு: உங்கள் பெரியப்பா மகனின் வீட்டை உங்கள் பாட்டனின் வீடு என்று யாராவது அச்சிட்டால் ஒப்புக்கொள்வீர்களா? சொத்துப் பத்திரத்தில் எவ்வளவு கண்டிப்பாக இருப்போமோ, அதே கண்டிப்பு மற்றவர் வம்சத்தை எழுதும்போதும் வேண்டும்.

12 பிப்ரவரி

மதுரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியது இந்த இழையை நான் எதிர்பாராத பக்கம் திருப்பிவிட்டது. மதுரையில் 1861 டிசம்பரில் பிறந்து, அமெரிக்காவில் வெல்ஸ்லி கல்லூரியின் இலக்கியப் பேராசிரியராகவும் சமூகச் சீர்திருத்தப் போராளியாகவும் விளங்கி 1954இல் மறைந்த வைடா டட்டன் ஸ்கட்டர், வேலூர் ஐடாவுக்கு ஒன்றுவிட்ட அக்காளா என்று கேட்கிறார். இருவருக்கும் வயது வேறுபாடு ஒன்பது ஆண்டுகள், இருவரும் தமிழ் மண்ணில் மிஷனரி வீட்டில் பிறந்தவர்கள், பெயரோசையும் ஒன்றுபோல. யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

உறவு உண்டு, ஆனால் மிகத் தொலைவில். வைடாவின் தந்தை டேவிட் காய்ட் ஸ்கட்டர், 1861இல் மதுரை மிஷனுக்கு வந்த இளைஞர். 1862 நவம்பரில் பெரியகுளம் பக்கத்தில் வெள்ளம் வந்த ஆற்றைக் கடக்கையில் மூழ்கி இறந்தார், வயது இருபத்தேழுதான். தாயார் கைக்குழந்தையோடு பாஸ்டனுக்குத் திரும்பிவிட்டார். டேவிட்டின் தம்பிகளில் சாமுவேல் ஹப்பர்டு ஸ்கட்டர் வண்ணத்துப்பூச்சி ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர், ஹொரஸ் ஸ்கட்டர் அட்லாண்டிக் மாத இதழின் ஆசிரியராக இருந்தவர். பாஸ்டனின் இந்தக் குடும்பம், கேப் காட் பகுதியின் பார்ன்ஸ்டபிளில் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் குடியேறிய ஜான் ஸ்கட்டரின் வழி.

அந்தப் பார்ன்ஸ்டபிள் ஜான், சேலத்துத் தாமஸின் மகன் ஜான் அல்லர். பழைய குடும்ப நூல்களைப் படிக்கிறவர்கள் இந்த இரண்டு ஜான்களையும் போட்டுக் குழப்பிக்கொள்வது இயல்பு. இங்கிலாந்தின் திருச்சபை ஏடுகளை ஆராய்ந்தவர்களின் முடிவுப்படி, இவர் தாமஸின் உடன்பிறந்தாருடைய மகன். இவருடைய சகோதரி பெயரும் எலிசபெத்! 1644இல் அவர் சாமுவேல் லோத்ராப்பை மணந்ததை, மாமனாரும் பார்ன்ஸ்டபிள் போதகருமான ஜான் லோத்ராப்பே தம் ஏட்டில் எழுதிவைத்திருக்கிறார். சேலத்து எலிசபெத் பார்த்தலோமியூ ஒருவர், பார்ன்ஸ்டபிள் எலிசபெத் லோத்ராப் இன்னொருவர்.

ஆக, வேலூருக்கு வந்த கிளையும் மதுரைக்கு வந்த கிளையும் பிரிந்த இடம் அமெரிக்காவே அன்று, கென்ட். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் ஒன்று லாங் ஐலண்டிலும் நியூ ஜெர்சியிலும் மற்றொன்று கேப் காட்டிலும் பாஸ்டனிலுமாக வாழ்ந்து, பிறகு இரண்டும் வெவ்வேறு பாதையில் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கின்றன. இதை உறுதி செய்துகொண்ட இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

14 பிப்ரவரி

மரபணுப் பரிசோதனை பற்றி: தந்தைவழியில் மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமைச் சோதித்தால், இன்று வாழும் ஸ்கட்டர் ஆண்கள் ஒரே மூதாதையின் வழியா என்பது தெரியும். பாலத்துக் கிளையா ஆலைக் கிளையா என்பதை அது எளிதில் பிரித்துக் காட்டாது, ஏனெனில் மூலம் ஒன்றே, இடைவெளியும் சில தலைமுறைகளே. காகிதம் இல்லாமல் மரபணு மட்டும் பெயர் சொல்லாது.

19 பிப்ரவரி

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஒன்று உறுத்தியது. தந்தை, மகன், பேரன் என்றே போய்க்கொண்டிருக்கிறேன். சந்ததி என்றால் மகள்களின் மக்களும்தான். குடும்பப் பெயர் மாறிவிடுவதால் அவர்கள் கண்ணில் படுவதில்லை. ஒரு பெண்ணின் திருமணப் பதிவு தொலைந்துவிட்டால், தந்தையின் உயிலில் “என் மகள் இன்னார், இன்னாரின் மனைவி” என்று வரும் வரிதான் ஒரே கதவு. நியூ ஜெர்சியின் குடியேற்றக் கால உயில்களைச் சுருக்கி அச்சிட்ட தொகுதிகள் இருக்கின்றன. ஸ்கட்டர் என்ற பெயரின் கீழ் மட்டும் பார்க்காமல், அந்தப் பெயர் சாட்சியாகவும் மருமகனாகவும் கணக்காளராகவும் வரும் உயில்களையும் பார்க்க வேண்டும். எழுத்துக்கூட்டலும் ஒரே மாதிரி இராது, ஒரு ‘ட’ குறைந்தும், முதலெழுத்து மாறியும் வரும்.

ஆண்களிலும் மேற்கே போனவர்கள் உண்டு. நத்தானியேலின் மூத்த மகன் ஜான் ஆண்டர்சன் ஸ்கட்டர், பெரிய டாக்டருக்குப் பெரியப்பா. இவரும் மருத்துவர்தான், 1810–1811இல் அமெரிக்கக் காங்கிரஸில் உறுப்பினராகவும் இருந்தார். பிறகு கென்டக்கிக்கும், 1819இல் இண்டியானாவின் டேவிஸ் வட்டத்துக்கும் போய் 1836இல் அங்கே இறந்தார். தம்பி மகன் கிழக்கே கப்பலேறிய அதே 1819இல் பெரியப்பா மேற்கே வண்டி கட்டியிருக்கிறார். இண்டியானாவில் அந்தப் பெயரோடு இருப்பவர்கள் யாராவது உங்கள் அலுவலகத்தில் இருந்தால், வேலூர் பற்றி அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

26 பிப்ரவரி

கொடிவழியில் எந்தப் படி மெலிந்தது என்று ஒருவர் நேராகக் கேட்டிருக்கிறார். பெஞ்சமினிலிருந்து ஜேக்கப் வரையிலான படி. அதற்கு மேலே சேலத்து உயிலும் ஹன்டிங்டன் பதிவேடும் தாங்குகின்றன, கீழே நத்தானியேலிலிருந்து பொதுவாழ்வின் ஆவணங்கள் தாங்குகின்றன. நடுவே, ஒரு குடும்பம் லாங் ஐலண்டை விட்டு நியூ ஜெர்சிக்கு நகரும் அந்த ஒரு தலைமுறையில்தான் காகிதம் குறைவு. ஹன்டிங்டனில் ஜேக்கப் நிலம் விற்ற பத்திரத்தில் “நியூ ஜெர்சியில் வசிக்கும்” என்ற குறிப்போ, மில்ஸ்டோன் நிலத்தை வாங்கிய பத்திரத்தில் “முன்பு ஹன்டிங்டனில் இருந்த” என்ற குறிப்போ வந்தால்தான் எனக்கு முழு நிறைவு. குடும்பத்தினர் வழிவழியாகச் சொல்லிவருவதையும் பிற்கால நூல்கள் ஒருமித்துச் சொல்வதையும் நான் ஏற்கிறேன், என்றாலும் மூலப் பத்திரத்தைக் கையில் பிடிக்க விரும்புகிறேன். இடம் பெயர்ந்த தலைமுறைதான் எந்தக் குடும்பத்திலும் மங்கலாக இருக்கிறது. நம்மில் பலரால் மலேயாவுக்கோ இலங்கைக்கோ போன பாட்டனாரின் சகோதரர் எங்கே போனார் என்று சொல்ல முடியாதது போலத்தான்.

27 பிப்ரவரி

மலர்க் குழுவினர் அனுப்பிய படத்தின் கீழே “சி.எம்.சி.யின் நிறுவனர்” என்று இருக்கிறது. படத்தில் கதிரியக்கக் கருவியின் பக்கத்தில் நிற்பவர் நிறுவனர் அல்லர். அவருடைய உடன்பிறந்தாரின் மகளான ஐடா பெல் ஸ்கட்டர், அத்தையின் பெயரையே தாங்கியவர், வேலூரில் கதிர்வீச்சு மருத்துவத்தைத் தொடங்கிவைத்தவர். படத்தை எடுக்க வேண்டாம், பெயரை மாற்றி அச்சிடுங்கள். பாலம் பற்றிய பத்தியை எடுத்துவிட்டு ஸ்கட்டர்ஸ் மில் சாலையைப் போடுங்கள். வரைபடம் வேண்டுமானால் நான் வரைந்து தருகிறேன்.